பூ... பீப்

முதலில் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்து வெள்ளைப் புகை. கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளைகள் வழியாக, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டது மாதிரி நிதானமாகச் சுருண்டு மேலே வந்தது. வாசனைதான் சாம்பிராணி இல்லை. கருகிய மீனும் எரிந்த பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு நாற்றம். சமையலறையிலிருந்து, "என்ன தீயுது?" என்று மனைவி கேட்டாள். மெயினை அணைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, ஒரு கெப்பாசிட்டர்" என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

தப்பு என்னுடையதுதான். நாற்பது வருஷத்துக்கு முந்தைய மின்சாதனத்தைத் திறந்து பார்க்காமல் ப்ளக்கில் செருகக்கூடாது என்பது இந்தப் பொழுதுபோக்கின் பாலபாடம். எனக்கும் தெரியும். ஆனாலும் கை கேட்கவில்லை. அந்தக் காலத்து பவர் சப்ளைகளில், மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஒருவகைக் காகித கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். மேலே தேன்நிறப் பிளாஸ்டிக் உறை. வருஷங்கள் போகப் போக அந்த உறையில் மயிரிழை மாதிரி விரிசல் விழும். விரிசல் வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே போய்க் காகிதத்தில் ஊறும். 230 வோல்ட் வந்து நிற்கும்போது அது வெடிக்கும். மற்றபடி பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. பயமுறுத்தல்தான் பெரிசு.

பெட்டி ஒரு பிபிசி மைக்ரோ, மாடல் பி. 32 கிலோபைட் நினைவகம். நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருந்தால் அதுவே இதைவிடப் பெரிதாக இருக்கும். இதற்கும் எங்கள் இயற்பியல் சாருக்கும் உள்ள தொடர்பைச் சொல்வதற்கு முன், இது எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையைச் சொல்லாமல் இதன் ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற எனக்கு மனம் வராது.

*

1978 மார்ச்சில் பிபிசி தொலைக்காட்சியின் ஹொரைசன் வரிசையில் மைக்ரோசிப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. பெயர் 'நௌ த சிப்ஸ் ஆர் டவுன்'. சிப் வந்துவிட்டால் யார் யாருக்கு வேலை போகும், அரசாங்கம் என்ன யோசித்து வைத்திருக்கிறது என்று கேட்ட படம். இன்று செயற்கை நுண்ணறிவை வைத்து டீக்கடை முதல் பல்கலைக்கழகம் வரை நடக்கும் பேச்சை அப்படியே 1978-க்குத் தள்ளிப் பாருங்கள். அந்தப் பதற்றத்தின் தொடர்ச்சியாக பிபிசி எடுத்த முடிவு எனக்கு இன்றும் ஆச்சரியமானது. பயமுறுத்தும் நிகழ்ச்சிகளை இன்னும் நாலு எடுப்பதற்குப் பதிலாக, ஜனங்களுக்கு ப்ரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்போம் என்று 'கம்ப்யூட்டர் லிட்ரஸி ப்ராஜெக்ட்' ஆரம்பித்தார்கள். தொலைக்காட்சியில் தொடர், கையில் புத்தகம், வீட்டில் அதே கம்ப்யூட்டர். திரையில் அடிப்பதைப் பார்ப்பவர்களும் அடித்துப் பார்க்கலாம்.

எந்தக் கம்ப்யூட்டர்? முதலில் நியூபரி லேப்ஸின் 'நியூபிரைன்' என்ற இயந்திரத்தை நினைத்திருந்தார்கள். அது குறித்த காலத்தில் தயாராகாது என்று தெரிந்ததும் வேறு நிறுவனங்களைத் தேடினார்கள். கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்று ஒரு சின்ன நிறுவனம். ஹெர்மன் ஹௌசர் என்ற ஆஸ்திரிய இயற்பியல்காரரும், கிளைவ் சிங்க்ளேரிடம் முன்பு வேலை பார்த்த கிறிஸ் கர்ரியும் சேர்ந்து நடத்தியது. பிபிசிக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். காட்டுவதற்கு ஏக்கார்னிடம் காகிதத்தில் யோசனைகள் இருந்தன, இயந்திரம் இல்லை.

ஹௌசர் செய்த காரியம் கம்ப்யூட்டர் வரலாற்றின் அருமையான பொய்களில் ஒன்று. ஸ்டீவ் ஃபர்பருக்கு ஃபோன் போட்டு, "ஒரே வாரத்தில் ஒரு மாதிரி செய்துவிடலாம் என்று சோஃபி சொல்கிறார்" என்றார். சோஃபி வில்சனுக்கு ஃபோன் போட்டு, "முடியும் என்று ஸ்டீவ் சொல்கிறார்" என்றார். இருவரும் மற்றவரை நம்பி ஒத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கல்யாணத் தரகர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். வாரம் பூராவும் வரைந்தார்கள், இணைத்தார்கள். ராம் பானர்ஜி என்ற பொறியாளர்தான் வயர்-ராப் வேலை செய்தவர், அதாவது சால்டர் இல்லாமல் மெல்லிய கம்பியை ஊசிமுனைகளில் சுற்றிச் சுற்றி இணைப்பது. அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். வியாழன் இரவு முழுக்க முயன்றும் இயந்திரம் உயிர்பெறவில்லை. சோதனைக் கருவியிலிருந்து போர்டுக்கு ஒரு கடிகாரத் துடிப்புக் கம்பி போய்க்கொண்டிருந்தது. அதை வெட்டிவிட்டு போர்டை அதன் சொந்தத் துடிப்பில் ஓடவிட்டுப் பார்க்கலாமே என்று ஹௌசர் சொன்னார். வெட்டினார்கள். ஓடியது. பிபிசிக்காரர்கள் வருவதற்குச் சில மணிநேரமே மிச்சம்.

1981 டிசம்பரில் மாடல் ஏ 235 பவுண்டுக்கும், மாடல் பி 335 பவுண்டுக்கும் வந்தன. விலை சீக்கிரமே 299, 399 என்று ஏறியது. 12,000 விற்றால் பெரிசு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். விற்றது 15 லட்சத்துக்கு மேல். வாய்ப்பை இழந்த சிங்க்ளேருக்கு அந்தக் கோபம் வருஷக்கணக்கில் தீரவில்லை. 1984 கிறிஸ்துமஸ் சமயத்தில் கேம்பிரிட்ஜில் ஒரு மதுக்கடையில் சுருட்டிய செய்தித்தாளால் கர்ரியை அடிக்கப் போய்விட்டார். 'மைக்ரோ மென்' என்று 2009-இல் பிபிசியே அதைப் படமாக எடுத்தது. பார்த்துச் சிரிக்கலாம்.

ஃபர்பர் பின்னாளில் சொன்ன ஒரு விஷயத்தைப் பழுதுபார்க்கும் எல்லோரும் மனதில் வைத்திருப்பார்கள். உற்பத்திக்கான போர்டு தயாரானபோது அது ஒழுங்காக ஓடவில்லை. ஆனால் போர்டில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒருவர் விரலை வைத்தால் ஓடியது! விரலை எடுத்தால் நின்றது. காரணம் முழுசாகப் புரியாமலேயே அங்கே ஒரு ரெசிஸ்டர் தொகுப்பைப் போட்டார்கள். சரியாகிவிட்டது. அப்படியே லட்சக்கணக்கில் விற்றார்கள். பொறியியல் என்றால் எல்லாம் தெரிந்து செய்வது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

*

இந்தியாவுக்கு இந்தப் பெட்டி வந்தது 1984-இல். மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கின. பள்ளிகளில் கம்ப்யூட்டர் எழுத்தறிவும் படிப்பும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. நாடு முழுக்கச் சுமார் 250 பள்ளிகளில் சோதனை முயற்சி. தேர்ந்தெடுத்த இயந்திரம் பிபிசி மைக்ரோ. பிறகு மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே 'எஸ்.சி.எல். யூனிகார்ன்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 'டால்ஃபின்' என்று இன்னொரு இந்திய நகலும் உண்டு. இங்கிலாந்து இயந்திரத்தில் மேல்வரிசைச் சாவிகள் ஆரஞ்சுச் சிவப்பு, அதில் நீலம்.

திருச்சிப் பக்கம் எங்கள் பள்ளியிலும் வந்து இறங்கியது. ஊரில் சினிமா தியேட்டருக்கு அடுத்தபடியாக ஏ.சி. போட்ட இடம் அந்த அறைதான். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஜன்னலுக்குக் கனத்த திரை. கதவுக்குப் பூட்டு, சாவி தலைமை ஆசிரியர் மேஜை இழுப்பறையில். வாரம் ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு ஏழெட்டுப் பேர். யார் சாவியைத் தட்டுவது என்பதில் சண்டை வரும். நான் முதல் மூன்று மாதத்தில் தட்டியது மொத்தம் ஒரே ஒரு தடவை. அதுவும் ப்ரேக் சாவி. திரை வெளுத்துவிட்டது. வகுப்பே, "டேய், அழிச்சிட்டான்டா!" என்று கத்தியது.

இயற்பியல் சார்தான் கம்ப்யூட்டர் சாரும். சில வாரப் பயிற்சிக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்று, "அழியலடா. அது உள்ளதான் இருக்கு. கூப்பிடணும், அவ்வளவுதான்" என்றார். மூன்று எழுத்து அடித்தார். ஓ, எல், டி. ரிட்டர்ன். பிறகு லிஸ்ட் என்று அடித்தார். ப்ரோகிராம் முழுசாகத் திரும்பி வந்தது. ப்ரேக் சாவி நினைவகத்தை அழிப்பதில்லை. ப்ரோகிராமின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளத்தை மட்டுமே மாற்றிவிட்டு, 'இங்கே ஒன்றுமில்லை' என்று வைத்துவிடும். ஓல்ட் என்ற கட்டளை அந்த அடையாளத்தைத் திருத்தி வைக்கும். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. மந்திரம் என்றே நினைத்தேன்.

சில வருஷங்களில் பிசி வந்தது. பிபிசி மைக்ரோக்கள் அறையின் மூலைக்குப் போய், அங்கிருந்து ஸ்டோர் ரூமுக்குப் போய், ஒருநாள் பழைய பெஞ்சுகளோடு சேர்த்து ஏலம் விட்டார்கள். சார் ஒன்றை எடுத்தார். அவர் காலமாகி மூன்று வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, பரண்மேல் அரிசி மூட்டைச் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை டீச்சரம்மா காட்டினார். அவரும் அதே ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

"காயலான் கடைக்காரர் ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போயிட்டாரு தம்பி. இதுல செம்பு இல்ல, எடையும் இல்லங்கிறாரு. நீங்க எடுத்துக்கிறீங்களா?"

பெட்டியோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் கொடுத்தார். உள்ளே நாலு கேசட். மூன்றில் சீர்காழி. நாலாவதில் சாரின் கையெழுத்தில் 'மழை 86' என்று இருந்தது.

*

புகைந்த கெப்பாசிட்டரை மாற்றுவது அரைமணி நேர வேலை. 0.1 மைக்ரோஃபேரட் ஒன்று, 0.01 ஒன்று, கூடவே 220 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலிடிக் ஒன்று. மெயின் லைனுக்குக் குறுக்கே வருபவற்றுக்கு எக்ஸ்-2 தரம் என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரணமானதைப் போட்டால் அடுத்த தடவை புகையோடு நிற்காது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளைக்குள் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை தங்கியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே ஸ்க்ரூடிரைவரைத் தூக்குகிற ஆட்கள் உங்களில் இருக்கிறீர்கள். மல்டிமீட்டரில் பார்த்து, வோல்டேஜ் இறங்கிய பிறகு கையை வையுங்கள்.

5 வோல்ட் சரியாக வந்தது. போர்டை இணைத்து சுவிட்சைப் போட்டேன்.

"பூ..............."

பிபிசி மைக்ரோ உயிரோடு இருந்தால் ஆன் செய்ததும் இரண்டு ஒலி வரும். முதலில் கனமாக ஒரு 'பூ', உடனே மெல்லிய 'பீப்'. அதில் ஒலிக்கென்று டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் தனிச் சிப் ஒன்று இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது யார் பேச்சையும் கேட்காமல் ஊளையிடத் தொடங்கும். 6502 ப்ராசஸர் விழித்து, தன் வேலைகளைத் தொடங்கும்போது அதன் வாயை மூடும். அடுத்து வரும் பீப், எல்லாம் நலம் என்பதற்கு. அந்தப் பீப் வராமல் 'பூ' நீண்டுகொண்டே போனால், குழந்தை அழுகிறது, எழுந்துவந்து தூக்க அம்மா இல்லை என்று அர்த்தம்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் ராத்திரியில் அந்த 'பூ' கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் சாக்கெட்டில் செருகியிருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, கால்களைத் துடைத்து, மறுபடி அழுத்திச் செருகினேன். பழைய கம்ப்யூட்டர்களில் பாதி வியாதி இதிலேயே தீரும். தீரவில்லை. ப்ராசஸருக்குக் கடிகாரத் துடிப்பு வருகிறதா என்று பார்த்தேன். வருகிறது. ப்ராசஸரை மாற்றிப் பார்த்தேன். பூ. இதையெல்லாம் தடவித் தடவிச் செய்யவில்லை. இந்த இயந்திரத்தின் சர்வீஸ் மேனுவலில் முழு சர்க்யூட் படமும் இருக்கிறது. எந்தச் சிப்பின் எந்தக் கால் எங்கே போகிறது என்று விரலை வைத்துத் தொடர்ந்து போகலாம். என் கைப்பேசியின் பின்மூடியைத் திறப்பதற்கே ஹேர் டிரையர் வேண்டியிருக்கிறது. பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். வாங்கியவன் உள்ளே பார்க்கவே கூடாது என்று முடிவுகட்டிச் செய்த பொருள் அது. இதையெல்லாம் முன்னேற்றத்தின் விலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மிச்சம் நினைவகம். பிபிசி மைக்ரோவில் 16 சிப்புகள், ஒவ்வொன்றிலும் 16 கிலோபிட். பெருக்கி எட்டால் வகுத்தால் 32 கிலோபைட். இதே நினைவகத்தை ப்ராசஸரும் திரையும் மாறி மாறிப் பயன்படுத்தும். ப்ராசஸர் வினாடிக்கு 20 லட்சம் துடிப்பு, திரைக்கு 20 லட்சம், ஆக நினைவகம் 40 லட்சத்தில் ஓட வேண்டும். அன்றைய சிப்புகளுக்கு அது எல்லை. ஐந்து நிமிடம் ஓடவிட்டு வரிசையாக விரலை வைத்துக்கொண்டே போனேன். பதினோராவது சிப் சுட்டது. தோசைக்கல் சூடு.

ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய ஐ.சி. விற்கும் ஒரு கடை, படிக்கட்டுக்கு அடியில். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நம்பரைப் பார்த்தார்.

"4816-ஆ? அதெல்லாம் போச்சு சார். 4116 இருக்கு, தரவா? ரெண்டும் பதினாறு கே தான்."

"அண்ணே, அது மூணு வோல்டேஜ் கேக்குமே. பன்னெண்டு, அஞ்சு, மைனஸ் அஞ்சு. இதுக்கு அஞ்சு மட்டும்தான்."

அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "பரவால்லையே, தெரிஞ்சு கேக்குறீங்க. உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ வந்தது. சிப் கிடைக்கவில்லை. எண்பதுகளில் இந்தத் தெருவில் ரேடியோ கிட் வாங்க வரும் பையன்கள் பற்றி ஒருமணி நேரம் பேசினார். கடைசியில் இங்கிலாந்தில் செத்த போர்டுகளிலிருந்து கழற்றி விற்கும் ஒருவரிடமிருந்து தபாலில் வரவழைத்தேன். சிப் விலையைவிடத் தபால் செலவு அதிகம்.

பழைய சிப்பைச் சூடுபண்ணிப் பிடுங்கினால் போர்டின் செம்புத் தடம் கூடவே உரிந்து வரும். அதனால் கால்களை நறுக்கி உடம்பை முதலில் எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு காலாக ஃபிளக்ஸ் தடவி இளக்கி எடுக்க வேண்டும். பதினாறு கால். அங்கே ஒரு சாக்கெட், அதில் புதுச் சிப். புது என்றால் 1983-இல் செய்தது.

பூ-பீப்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே'. அடுத்த வரி 'பேசிக்'. அதற்கு அடுத்து ஓர் அம்புக்குறி. மனைவி எழுந்து வந்து பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான்.

பழைய கெப்பாசிட்டரையும் சிப்பையும் தூக்கிப் போட்டுவிட்டால் இது அதே இயந்திரம்தானா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பாட்டியின் அரிவாள்மனைக்குப் பலகை இரண்டு தடவை மாற்றியாயிற்று. தேங்காய்த் துருவியும் புதுசு. அதை யாரும் பாட்டியின் அரிவாள்மனை இல்லை என்று சொன்னதில்லை. இதில் எல்லை வரை போனவர் டோனி சேல். போர்க்காலத்தில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலாசஸ் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றைப் போர் முடிந்ததும் உடைத்து, வரைபடங்களையும் எரித்துவிட்டார்கள். சேல் 1993-இல் ஆரம்பித்தார். கையில் சில பழைய புகைப்படங்களும், விதியை மீறிப் பொறியாளர்கள் ஒளித்துவைத்திருந்த சர்க்யூட் துண்டுகளும். 2007-இல் பிளெட்ச்லி பார்க்கில் அது முழுசாக ஓடியது. அதற்கு முன்னால் என் ஒற்றைச் சிப் எல்லாம் ஒரு பெருமையா.

பெட்டி மஞ்சளாகியிருந்ததை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். சாருக்கும் கடைசியில் தலை வெளுத்துத்தான் இருந்தது, டை அடித்ததில்லை.

*

ஓடத் தொடங்கிய பிறகு கை சும்மா இருக்காது. பிபிசி மைக்ரோவைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் வரிசையாகத் துவாரங்கள். ஒன்றின் பெயர் ட்யூப். இன்னொரு ப்ராசஸரையே வெளியிலிருந்து இணைத்துக்கொள்ள வைத்த வாசல். இந்த வாசல் இல்லாவிட்டால் இன்று உங்கள் கையில் இருக்கும் ஃபோன் வேறுமாதிரி இருந்திருக்கும். 1983-இல் ஏக்கார்ன் புதிதாக ஒரு ப்ராசஸர் செய்யத் தீர்மானித்தபோது, கட்டளைகளை வகுத்தவர் சோஃபி வில்சன், உள்கட்டமைப்பை வடிவமைத்தவர் ஃபர்பர். அதன் முதல் மாதிரியை பிபிசி பேசிக்கிலேயே எழுதி ஓட்டிப் பார்த்தார். 1985 ஏப்ரல் 26 அன்று சிப் வந்து இறங்கியது. 25,000 ட்ரான்சிஸ்டர். அதை இந்த ட்யூப் வழியாகத்தான் பிபிசி மைக்ரோவோடு இணைத்து ஓட்டினார்கள். அன்றே ஓடியது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் மீட்டர் வைத்துப் பார்த்தால் முள் சுழியத்தில் நிற்கிறது. சிப்புக்கு மின்சாரம் தரும் இணைப்பே போர்டில் சரியாக இல்லை! மற்றக் கால்கள் வழியாகக் கசிந்த மிச்சம்மீதியிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிப்தான் ஆர்ம். கைப்பேசி யுகம் முழுக்க அதன் வாரிசுகள்மேல் நிற்கிறது.

2012-இல் வந்த ராஸ்பெர்ரி பை-யும் அதே வம்சம்தான். மாடல் ஏ, மாடல் பி என்று பெயர் வைத்ததே பிபிசி மைக்ரோவுக்கு ஒரு கும்பிடு. இப்போது விடுமுறை நாள் பொறியாளர்கள் ஒரு சின்ன பை போர்டை எடுத்து, 5 வோல்ட்டை 3.3-ஆகக் குறைக்கும் ஓர் இடைப்பலகை வைத்து, ட்யூப் வாசலில் செருகிவிடுகிறார்கள். 2 மெகாஹெர்ட்ஸ் தாத்தாவுக்குப் பேரன் கைத்தடி. நானும் ஒன்று செய்து செருகினேன். முதல் தடவை இடைப்பலகையைத் திருப்பி சால்டர் செய்துவிட்டேன். இரண்டாவது தடவை ஓடியது.

*

'மழை 86'-ஐ நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், டோம்ஸ்டே கதை எனக்குத் தெரியும்.

1086-இல் இங்கிலாந்து மன்னர் வில்லியம், யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை கலப்பை என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்துத் தோல் ஏட்டில் எழுதிவைத்தார். டோம்ஸ்டே புத்தகம் என்பார்கள். அதன் 900-ஆம் ஆண்டுக்காக 1986-இல் பிபிசி ஒரு புது டோம்ஸ்டே செய்தது. நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரில் எத்தனை கடை, என்ன சாப்பிடுகிறோம், மாலையில் என்ன விளையாடுகிறோம் என்றெல்லாம் எழுதினார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். எல்லாவற்றையும் இரண்டு லேசர் தட்டுகளில் பதித்தார்கள். அதைப் படிக்க, தனியாகச் செய்த பிலிப்ஸ் கருவியும், பிபிசி மைக்ரோவின் தம்பியான பிபிசி மாஸ்டரும் வேண்டும். சேர்த்து விலை சுமார் 5,000 பவுண்டு. எந்தப் பிள்ளைகள் எழுதினார்களோ அவர்களில் பல பேருடைய பள்ளிகளால் அதை வாங்க முடியவில்லை.

பதினைந்து வருஷத்தில் அந்தக் கருவிகள் ஓய்ந்துவிட்டன. தட்டு இருக்கிறது, படிக்க ஆளில்லை. 1086-இன் தோல் ஏட்டை இன்றும் பிரித்துப் படிக்கலாம். 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கேமிலியன் என்ற ஆய்வுக் குழு அந்தப் பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் எழுதித் தகவலை மீட்டது. 2011-இல் பிபிசி அதை இணையத்தில் போட்டது. 2018-இல் அந்தத் தளத்தையும் மூடி, ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியாயிற்று. பத்து லட்சம் பேரும் பிபிசியும் சேர்ந்து காப்பாற்றியதன் கதி இது. ஒரு பிஸ்கட் டப்பாவுக்கு என்ன உத்தரவாதம்?

முதல் சிக்கல் டேப் ரெக்கார்டர். உள்ளே ரப்பர் பெல்ட் தாராக உருகி ஒட்டிக் கிடந்தது. துடைத்துவிட்டு வேறு பெல்ட் போட்டேன். அப்புறம் ஹெட். டேப்பை உரசும் அந்தத் தலைப்பகுதி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் கீச்சொலி மங்கும். பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி, ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்தக் கீச்சொலிதான் தகவல். 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை வந்தால் சுழியம், 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை வந்தால் ஒன்று. நேராகக் கம்ப்யூட்டருக்குள் விடாமல் முதலில் லேப்டாப்பில் பதிவு செய்துகொண்டேன். டேப் எத்தனை ஓட்டம் தாங்கும் என்று சொல்ல முடியாது.

ஏக்கார்ன்காரர்கள் கேசட்டில் 256 பைட் கொண்ட துண்டு துண்டாக எழுதுவார்கள். ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண். கணக்கு உதைத்தால் திரையில் 'டேட்டா?' என்று கேள்விக்குறியோடு வரும். சாரின் ப்ரோகிராம் சின்னது. பள்ளி மைதானத்தில் ஒரு மழைமானி இருந்தது, அதில் தினமும் காலை எட்டரைக்கு அளந்ததை நாளுக்கு ஒரு வரியாக அடித்து வைத்திருந்தார். 1986 ஜூன் முதல் டிசம்பர் வரை. ஓட்டினால் மாதவாரியாக நட்சத்திரக்குறிகளால் கோடு வரையும். எல்லாத் துண்டும் வந்தது, ஒன்றைத் தவிர. அந்த இடத்தில் டேப் கசங்கியிருந்தது. எத்தனையோ விதமாக முயன்றேன். வேகத்தை மாற்றி, சத்தத்தை மாற்றி, அலைகளைத் திரையில் விரித்து வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கூடப் பார்த்தேன். 256 பைட். ஏறக்குறைய இருபத்தைந்து நாள். எந்த இருபத்தைந்து நாள் என்கிறீர்கள்? நவம்பர். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம்.

மற்றத் துண்டுகளை லேப்டாப்பில் ஒட்டவைத்து, விட்டுப்போன நாட்களுக்கு மைனஸ் ஒன்று என்று போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சி போனேன். டீச்சரம்மா வீட்டு டி.வி.யில் இணைத்து ஓட்டிக் காட்டினேன். பூ-பீப் கேட்டதும், "இந்தச் சத்தம்! ராத்திரியில தூங்கவிடாது" என்று சிரித்தார். நவம்பர் மட்டும் வரவில்லை என்று சொன்னேன்.

"நோட்டுல எழுதி வச்சிருந்தாரே தம்பி. பச்சை அட்டை நோட்டு, வருஷத்துக்கு ஒண்ணு."

"அது இருக்காம்மா?"

"வீடு வெள்ளையடிக்கிறப்ப எடைக்குப் போட்டுட்டோம். நல்ல கனம். இந்தப் பெட்டியத்தான் அவன் வேண்டாம்னுட்டான்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நவம்பர்ல அவருக்கு டைஃபாய்டு. மழைமானி பாக்க நான்தான் போனேன், கொடையப் புடிச்சிக்கிட்டு. வந்து நம்பரச் சொன்னா, படுத்துக்கிட்டே எழுதுவாரு. சேறு, செருப்பெல்லாம் போச்சு. பெய்ஞ்சுது தம்பி, நல்லாப் பெய்ஞ்சுது."

சொல்லிக்கொண்டே, மேலே போன ஜூன் மாதத்தைத் திரும்பப் பார்க்க எந்தச் சாவி என்று கையை நீட்டினார். வலது மூலையில் இருந்ததைத் தட்டினார். பூ-பீப். திரை வெளுத்தது.

"ஐயோ, அழிச்சிட்டேனா?"

"இல்லம்மா" என்றேன். ஓ, எல், டி என்று அடித்தேன்.